எக்ஸ்பாக்ஸ் 360-ஐ மாட் செய்யும் முன்: நேண்ட் டம்ப் சரிதானா என்று உறுதி செய்யும் வழி

அக்கா மகனுக்காக வாங்கிய பழைய ஜாஸ்பர் போர்டு (மதர்போர்டில் ஒரு வகை) எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கன்சோல் ஒன்றில், அதன் பாதுகாப்புப் பூட்டைத் தாண்ட உதவும் ஆர்ஜிஹெச் சில்லு வைக்க முனைந்தபோது நான் செய்த ஒரு சிறு தவறு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளையும் வீட்டு நிம்மதியையும் தின்றுவிட்டது. கன்சோலின் நேண்ட் நினைவகத்தை அப்படியே ஒரு கோப்பாக நகலெடுப்பதுதான் டம்ப். இரண்டு முறை டம்ப் எடுத்தேன், இரண்டும் ஒன்றே என்று மென்பொருள் சொன்னது, நம்பி மாற்றிய இமேஜை நேண்டில் எழுதினேன். பிறகு அந்த டம்பை எழுதிப் பழைய நிலைக்குத் திரும்ப முயன்றபோது திரையில் ஈ79 பிழைதான் வந்தது. இரண்டாவது வாசிப்பை முதல் கோப்பின் பெயரிலேயே சேமித்து, அதன் பிரதியை அதனோடே ஒப்பிட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு கோப்பு தன்னோடு தான் ஒத்துப்போவதில் வியப்பு என்ன இருக்கிறது?

சில்லு பொருத்துவதை விளக்க எத்தனையோ காணொளிகள் இருக்கின்றன. அதற்கு முந்தைய வேலையான டம்பைச் சரிபார்ப்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். கன்சோலின் இயங்கு மென்பொருள் இருக்கும் நேண்ட் நினைவகத்துக்குள், வரிசை எண் போன்ற அடையாள விவரங்கள் அடங்கிய கீவால்ட் என்ற பகுதி உண்டு. அது உங்கள் கன்சோலின் செயலிக்கு மட்டுமே உரிய சிபியு கீயால் பூட்டப்பட்டது. ஆகவே நண்பரின் டம்பை வாங்கி உங்கள் போர்டில் எழுதி உயிர்ப்பிக்க முடியாது. உங்களுடையது தொலைந்தால் தொலைந்ததுதான்.

1. திறக்கும் முன் எழுதி வைக்க வேண்டியவை

திருகாணியைத் தொடும் முன் கன்சோலை ஒருமுறை இயக்கி, சிஸ்டம் செட்டிங்ஸில் உள்ள சிஸ்டம் இன்ஃபோ பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். வரிசை எண், கன்சோல் ஐடி, டாஷ்போர்டு எண் (கடைசியாகப் புதுப்பித்ததென்றால் 17559) மூன்றும் படத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பின்புற ஸ்டிக்கரையும் படமெடுங்கள். அதிலும் பன்னிரண்டு இலக்க வரிசை எண்ணும் தயாரிப்புத் தேதியும் இருக்கும். திரையில் தெரியும் எண்ணும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் வேறுபட்டால், போர்டு ஒன்று, மேலுறை ஒன்று என்று யாரோ சேர்த்து விற்றிருக்கிறார்கள் என்று பொருள். சென்னையில் பழைய கன்சோல் வாங்கும்போது இது அபூர்வமல்ல. அப்படியானால் திரையில் உள்ள எண்ணையே நம்புங்கள், ஏனெனில் ஏழாவது படியில் அந்த எண்தான் சாட்சி.

அடுத்து, போர்டு வகையை அறிய வேண்டும். ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எதிரே உள்ள ஆம்பியர் அளவைப் பாருங்கள். 16.5 என்றால் ஜெனான் அல்லது ஜெஃபைர், 14.2 என்றால் ஃபால்கன், 12.1 என்றால் ஜாஸ்பர். ஒல்லியான உடல் கொண்டவற்றில் 10.83 டிரினிட்டி, 9.6 கொரோனா. இதைச் சரியாக அறியாவிட்டால் டம்பின் அளவு சரியா, தவறா என்றே உங்களால் சொல்ல முடியாது.

ஜாஸ்பரில் ஒரு வகைக்கு 16 எம்பி நேண்டும், ஆர்கேட் வகைகள் சிலவற்றுக்கு 256 அல்லது 512 எம்பி நேண்டும் உண்டு. கொரோனாவிலும் 16 எம்பி ஒன்று, 4 ஜிபி ஒன்று. ஸ்டோரேஜ் பக்கத்தில் 4 ஜிபி என்று காட்டினால் உடனே கொரோனா என்று முடிவு செய்துவிடாதீர்கள். டிரினிட்டியிலும் 4 ஜிபி மாடல் உண்டு. அதில் அந்த 4 ஜிபி தனியாகச் செருகிய ஒரு பலகை, நேண்ட் என்னவோ அதே 16 எம்பிதான்.

2. வாங்க வேண்டியவையும் செலவும்

வாசிப்புக் கருவியாக ராஸ்பெரி பை பிக்கோ பலகையில் பிக்கோஃப்ளாஷர் ஃபர்ம்வேரை ஏற்றிப் பயன்படுத்துவதே இன்றைக்கு மலிவான வழி. சென்னை ரிச்சி தெருவில் நான் பலகைக்குக் கொடுத்தது நானூறு ரூபாய்க்குச் சற்று மேல். மெல்லிய கம்பி, ஃப்ளக்ஸ், டி8, டி10 டார்க்ஸ் திருப்புளிகள் எல்லாம் சேர்த்து மேலும் ஐந்நூறு ரூபாய் ஆனது. சால்டரிங் அயர்ன் ஏற்கெனவே இருந்தது. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்; ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலான கடைகளில் ஷட்டரைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

கடையில் கேட்கும்போது ஆர்பி2040 சில்லு கொண்ட முதல் பிக்கோ வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள், ஃபர்ம்வேர் அதற்காக எழுதப்பட்டது. “நேண்ட் ரீட் பண்ணணும்” என்று பொதுவாகச் சொன்னால், “இதுதான் சார் எல்லாரும் வாங்குறாங்க” என்று சிஹெச்341ஏ பயாஸ் புரோகிராமரை நீட்டுவார்கள். லேப்டாப் பயாஸுக்கு அது நல்ல கருவிதான். எக்ஸ்பாக்ஸ் 360-இன் நேண்டுக்கு உதவாது. எட்டுக் கால் சில்லுக்கான கிளிப்பைக் கவ்வ விடுவதற்கு இந்தப் போர்டில் இடமே இல்லை, வாசிப்பு சவுத்பிரிட்ஜ் சில்லு வழியாகத்தான் நடக்கிறது.

மைக்ரோ யுஎஸ்பி கேபிள் டேட்டா செல்லும் கேபிளாக இருக்கட்டும். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளோடு நான் ஒரு மாலைப்பொழுதைக் கழித்திருக்கிறேன்.

3. கம்பி இணைப்பும் இடமும்

தடித்த உடல் கொண்ட கன்சோல்களில் ஜே1டி2, ஜே2பி1 என்று போர்டில் அச்சிட்டிருக்கும் துளை வரிசைகளில் கம்பிகளைப் பற்றவைக்க வேண்டும். ஒல்லி மாடல்களுக்கு இணைப்புப் புள்ளிகள் வேறு. உங்கள் போர்டுக்குரிய படத்தை, நேண்டை வாசிக்கவும் எழுதவும் கணினியில் பயன்படுத்தும் ஜே-ரன்னர் மென்பொருளில் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பிகள் ஒரு சாணுக்கு மேல் நீள வேண்டாம், எல்லாம் ஏறத்தாழ ஒரே நீளமாக இருப்பது நல்லது. கிரவுண்டு கம்பியை மறந்தவர்களுக்கு வாசிப்பு சில சமயம் பாதி வேலை செய்யும். முழுதும் வேலை செய்யாமல் போனால் தவறு உடனே தெரிந்துவிடும், பாதி வேலை செய்வதுதான் ஆபத்து.

சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது கொடுமை என்று அறிவேன். இருந்தாலும் பற்றவைக்கும்போதும் வாசிக்கும்போதும் நிறுத்திவிடுங்கள். காற்றில் ஆடும் மெல்லிய கம்பி ஒன்று, நள்ளிரவு வரை என்னை மென்பொருளைத் திட்ட வைத்தது.

கன்சோலின் அடாப்டர் மின்சாரத்தில் செருகப்பட்டிருக்க வேண்டும், ஆனால் கன்சோலை இயக்கக் கூடாது. காத்திருப்பு நிலையில் கிடைக்கும் மின்சாரமே நேண்டை வாசிக்கப் போதும். வாசிக்கும்போது மின்சாரம் போனால் நேரம் மட்டும்தான் வீண். எழுதும்போது போனால் பாதி எழுதிய நேண்ட் மிஞ்சும். உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்று நாளிதழில் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீடானால் கன்சோலை அந்த இணைப்பில் செருகுங்கள், கணினி மின்கலம் நிறைந்த லேப்டாப்பாக இருக்கட்டும்.

4. வாசிக்கும் முன் ஒரு கேள்வி

ஜே-ரன்னர் முதலில் ஃப்ளாஷ் கான்ஃபிக் என்ற எட்டு இலக்க எண்ணைக் காட்டும். பலரும் இதைக் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். 16 எம்பி ஜாஸ்பருக்கும் டிரினிட்டிக்கும் 00023010, ஃபால்கனுக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் 01198010, 16 எம்பி கொரோனாவுக்கு 00043000 என்று வர வேண்டும். எல்லாம் சுழியாகவோ எல்லாம் எஃப் என்ற எழுத்தாகவோ வந்தால் கம்பி சேரவில்லை என்று பொருள். எண் ஒவ்வொரு முறையும் மாறி மாறி வந்தால் ஏதோ ஒரு முனை பிடிப்பின்றி இருக்கிறது. ஐந்து முறை கேட்டு ஐந்து முறையும் ஒரே சரியான எண் வந்த பிறகே வாசிப்பைத் தொடங்குகிறேன்.

5. மூன்று வாசிப்புகள், மூன்று பெயர்கள்

இரண்டு போதும் என்பார்கள், நான் மூன்று எடுக்கச் சொல்கிறேன். பிக்கோவில் 16 எம்பி வாசிக்கச் சில நிமிடங்களே ஆகும், அந்தச் சோம்பலுக்கு மன்னிப்பில்லை. இரண்டாவது வாசிப்பு முடிந்ததும் யுஎஸ்பி கேபிளையும் கன்சோலின் மின்சாரத்தையும் ஒருமுறை கழற்றிச் செருகிவிட்டு மூன்றாவதை எடுங்கள். இணைப்பு புதிதாகத் தொடங்கியும் அதே விடை வருகிறதா என்பதற்காகத்தான் இது.

கோப்புப் பெயரில் வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கம், தேதி, வாசிப்பு எண் மூன்றும் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் எடுத்தவுடனே, அது உருவான நேரத்தைக் கோப்புப் பண்புகளில் பார்த்துத் தாளில் குறியுங்கள். மூன்று கோப்புகளுக்கும் மூன்று வெவ்வேறு நேரங்கள் இருந்தால் நான் விழுந்த குழியில் நீங்கள் விழவில்லை.

வாசிப்புகளுக்கு நடுவே கன்சோலை இயக்கி, “இன்னும் வேலை செய்கிறதா” என்று பார்க்காதீர்கள். டாஷ்போர்டு ஒருமுறை ஏறினாலே நேண்டில் உள்ள சில சிறு கோப்புகள் மாற்றி எழுதப்படும். அதன்பின் எடுக்கும் டம்ப் முந்தையதிலிருந்து சில பிளாக்குகளில் வேறுபடும். குறையே இல்லாத வாசிப்பைக் குறையுள்ளதென்று நினைத்துக் கம்பிகளைப் பிடுங்கிப் புதிதாகப் பற்றவைத்தவர்கள் உண்டு.

6. டம்பைச் சோதிப்பது

முதலில் அளவு. 16 எம்பி நேண்டின் டம்ப் மிகச் சரியாக 1,73,01,504 பைட் இருக்க வேண்டும். 1,024 பிளாக், பிளாக்குக்கு 32 பக்கம், பக்கத்துக்கு 512 பைட் தரவும் 16 பைட் உபரியும் என்று பெருக்கிப் பாருங்கள், கணக்கு ஒத்துப்போகும். அந்த உபரி 16 பைட்டில்தான் பிழைதிருத்தக் குறியீடு இருக்கிறது. உங்கள் கோப்பு 1,67,77,216 பைட் என்றால் உபரிப் பகுதி விடுபட்டுவிட்டது; அது நேண்டின் முழு நகல் அல்ல. 256, 512 எம்பி ஜாஸ்பரில் சிஸ்டம் பகுதியை மட்டும் வாசித்தால் 6,92,06,016 பைட்டும், 4 ஜிபி கொரோனாவில் 5,03,31,648 பைட்டும் வரும். இந்தக் கடைசி வகையில் உபரிப் பகுதி என்பதே இல்லை. அதைக் கார்டு ரீடர் வழியாக வாசிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இணைத்தவுடன் விண்டோஸ் “ஃபார்மட் செய்யட்டுமா” என்று அன்போடு கேட்கலாம். ஆம் என்று அழுத்திவிட்டால் இந்தக் கட்டுரையின் மிச்சம் உங்களுக்குத் தேவைப்படாது.

இரண்டாவது ஹாஷ், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஓர் எண். செவன்-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து எஸ்ஹெச்ஏ-256 எண்ணை எடுக்கலாம். மூன்று கோப்புகளுக்கும் எடுத்து, ஓர் உரைக் கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டுங்கள். மூன்றும் ஒன்றானால் வாசிப்பு நிலையாக இருக்கிறது என்று மட்டுமே அறிகிறோம். மூன்று முறையும் வெறும் எஃப் எழுத்துகளை வாசித்திருந்தாலும் மூன்று ஹாஷும் ஒன்றாகத்தான் இருக்கும். டம்ப் மாறாமல் வருவது வேறு, சரியாக வருவது வேறு. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் “மேட்ச் ஆயிடுச்சு தம்பி, எழுதிடலாம்” என்ற அறிவுரை இத்தனை பேரைக் கவிழ்க்கிறது.

மூன்றாவது உள்ளடக்கம். கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெச்எக்ஸ்டி போன்ற ஹெக்ஸ் எடிட்டரில் கோப்பைத் திறந்தால் முதல் இரண்டு பைட்டுகள் எஃப்எஃப், 4எஃப் என்று இருக்க வேண்டும். அதற்கடுத்த வரியிலேயே வலப்பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பதிப்புரிமை வாசகம் ஆங்கிலத்தில் படிக்கும்படி தெரியும். அந்த வாசகத்தில் ஓர் எழுத்து சிதைந்திருந்தாலும் டம்பைக் குப்பையில் போடுங்கள். பிறகு மெல்லக் கீழே உருட்டிச் செல்லுங்கள். காலியான பிளாக்குகளில் எஃப் எழுத்துகள் தொடர்ந்து வருவது இயல்பு, ஆனால் கோப்பின் தொடக்கப் பகுதியிலேயே பெரும் பரப்பு வெறுமையாக இருப்பது இயல்பல்ல.

நான்காவதாக, பிழைதிருத்தக் குறியீடும் கெட்ட பிளாக்குகளும். இதற்கு 360 ஃப்ளாஷ் டம்ப் டூல் என்ற சிறு மென்பொருள் உதவும்; ஜே-ரன்னரும் கெட்ட பிளாக்குகளைப் பட்டியலிடும். பட்டியலில் ஒன்றிரண்டைக் கண்டவுடன் அஞ்ச வேண்டாம். நேண்ட் சில்லுகள் தொழிற்சாலையிலிருந்தே சில கெட்ட பிளாக்குகளோடு வரக்கூடும். அவற்றுக்குப் பதிலாக நேண்டின் கடைசிப் பகுதியில் ஒதுக்கிய பிளாக்குகளை கன்சோல் பயன்படுத்திக்கொள்ளும். எந்த இடம் என்பதுதான் கேள்வி. மூன்று வாசிப்பிலும் அதே பிளாக் கெட்டதாக வந்தால் பெரும்பாலும் அது சில்லின் குறை. வாசிப்புக்கு ஒரு பிளாக் என்று இடம் மாறி மாறி வந்தால் குறை உங்கள் கம்பியில் இருக்கிறது. என் முதல் டம்பைப் பிற்பாடு இந்தக் கருவியில் போட்டுப் பார்த்தபோது, டாஷ்போர்டு கோப்புகள் இருக்கும் பகுதியில் நான்கு பிளாக்குகள் பிழைதிருத்தச் சோதனையில் தோற்றன. இந்த ஐந்து நிமிட வேலையை முன்பே செய்திருக்கலாம்.

கொரோனா 4 ஜிபி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனை கிடையாது. ஆகவே ஹாஷும் அடுத்த படியும்தான் அவர்களுக்குத் துணை.

7. எக்ஸெல் எழுதிய பின், முழு இமேஜ் எழுதும் முன்

டம்ப் உண்மையிலேயே உங்கள் கன்சோலுடையதுதான், கீவால்ட் முழுதாக இருக்கிறது என்பதற்கான இறுதிச் சான்று சிபியு கீ கிடைத்த பிறகே கைக்கு வரும். அந்தக் கீயைப் பெறுவதற்கோ, அதைத் திரையில் காட்டும் எக்ஸெல் (XeLL, விரிதாள் மென்பொருள் அல்ல) என்ற சிறு இமேஜை முதலில் எழுதியாக வேண்டும். 16 எம்பி போர்டுகளில் அது நேண்டின் முதல் 80 பிளாக்குகளை, அதாவது முதல் 13,51,680 பைட்டுகளை மட்டுமே தொடுகிறது. இங்கே நிதானித்து இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். அவசரப்படுபவர்கள் தாண்டிச் செல்வது இந்த இடத்தைத்தான்.

ஒன்று: சில்லைப் பொருத்தி இயக்கியதும் எக்ஸெல் திரையில் தெரியும் 32 இலக்கச் சிபியு கீயைப் படமெடுத்து, ஜே-ரன்னரில் உங்கள் மூல டம்பைத் திறந்து, கீயைத் தட்டச்சு செய்யுங்கள். சுழிக்குப் பதில் எட்டு, எட்டுக்குப் பதில் பி என்று மாற்றி அடிப்பது எளிது. கீ சரியாக இருந்து, கீவால்டும் முழுமையாக இருந்தால், கீவால்ட் விவரப் பகுதியில் வரிசை எண்ணும் டிவிடி கீயும் தோன்றும். அந்த வரிசை எண்ணை முதல் படியில் எடுத்த படத்தோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் உங்கள் டம்பின் உயிர்நாடி பத்திரமாக இருக்கிறது.

இரண்டு: எக்ஸெல் எழுதிய நிலையில் நேண்டை மீண்டும் ஒருமுறை வாசித்து, மூல டம்போடு ஹெக்ஸ் எடிட்டரில் ஒப்பிடுங்கள். 13,51,680-ஆவது பைட்டுக்கு முன்னால் வேறுபாடுகள் இருக்கும், அதற்குப் பின்னால் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இடையில் டாஷ்போர்டு ஏற வாய்ப்பே இல்லாததால், பின்பகுதியில் வேறுபாடு தெரிந்தால் இரண்டில் ஏதோ ஒரு வாசிப்பு பொய். கம்பிகளைச் சரிபார்த்து மீண்டும் வாசிக்கும் வரை முழு இமேஜை எழுதாதீர்கள்.

என் கதையில் கெட்டது டாஷ்போர்டு பகுதி மட்டும்தான், கீவால்ட் தப்பியிருந்தது. அதனால் கீவால்டையும் சில அமைப்புகளையும் டம்பிலிருந்து எடுத்துக்கொண்டு, எஞ்சியதைப் புதிதாகக் கட்டமைத்து எழுதி மீண்டேன். நான்கு பிளாக்குகளில் ஒன்று தொடக்கத்தில் விழுந்திருந்தால் அக்காவிடம் வேறு கன்சோலுக்குப் பணம் கேட்டிருக்க வேண்டும்.

8. பாதுகாத்து வைப்பதும் யாரிடமும் கொடுக்காமல் இருப்பதும்

சோதனைகளில் தேறிய டம்ப், சிபியு கீ எழுதிய உரைக் கோப்பு, ஹாஷ், படங்கள் நான்கையும் ஒரே கோப்புறையில் போட்டு, லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, உங்கள் இணையச் சேமிப்பில் ஒன்று என வையுங்கள். பென்டிரைவுக்கு மாற்றிய பிறகு அங்கிருக்கும் கோப்பின் ஹாஷை மீண்டும் எடுத்துப் பாருங்கள். மலிவான பென்டிரைவ்கள் நகல் முடிந்தது என்று சொல்லிவிட்டுக் கோப்பைச் சிதைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் உதவி கேட்கும்போது “டம்பை அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்” என்பார்கள். சிபியு கீயோடு டம்பையும் பெற்றவர் உங்கள் கீவால்டைத் தன் கன்சோலில் வைத்து இணையத்தில் உலவ முடியும். அவர் செய்யும் வேலைக்கு உங்கள் கன்சோலின் அடையாளம் தடைசெய்யப்படும். பிழைச் செய்தியின் படத்தை மட்டும் அனுப்புங்கள்.

சட்டம் பற்றி ஒரு சொல்: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பதற்குத் தண்டனை விதிக்கிறது. விலை கொடுத்து வாங்காத விளையாட்டுகளை ஏற்றித் தருகிறேன் என்று சொல்லும் கடைகளின் பேச்சுக்கு மயங்க வேண்டாம்.

நேரக் கணக்கு கேட்டால், பொருள் வாங்க ஒரு சனிக்கிழமை மாலை, பற்றவைத்து மூன்று வாசிப்பும் ஆறாவது படியும் முடிக்க ஒரு ஞாயிறு முற்பகல், சில்லு பொருத்தி எக்ஸெல் பார்க்க மற்றொரு நாள் என்று ஒதுக்குங்கள். பற்றவைத்துப் பழகாதவர் கைக்கு இது இரட்டிப்பாகும்.

எல்லாம் முடிந்து மூடும்போது, வரிசை எண்ணும் டம்ப் எடுத்த தேதியும் எழுதிய சிறு தாளை ஹார்டு டிஸ்க் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். நாளை அந்தக் கன்சோலை விற்றால், பென்டிரைவையும் சேர்த்தே வாங்குபவர் கையில் கொடுங்கள். எனக்கு விற்றவரிடம் அப்படி ஒன்று இருந்ததா என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.